பாட்லக்கும் பிதுக்கம் பருப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. எழுத்துக்கு இல்லை — சமையலுக்கு.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியை ரெகுலராகப் படிக்கிறவர்களுக்கு என் சமையல் லட்சணம் தெரியும். நான் வைத்த ரசத்தை, 'குடிக்க வெந்நீர் வெச்சியா, ஆறட்டும்' என்று என் கணவர் ஓரமாக நகர்த்தி வைத்த கதையை இங்கேயே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு சமையல் பரிசு. எப்படி? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது சென்னையை ஒட்டிய படூரில். நாலு பிளாக் அபார்ட்மென்ட். எங்கள் அசோசியேஷன் செயலாளர் கோதண்டம், நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். அமெரிக்கா போய்வருகிறவர்கள் சாக்லேட் கொண்டு வருவார்கள், பாதாம் கொண்டு வருவார்கள். இவர் ஒரு வார்த்தையைக் கொண்டு வந்தார்.

பாட்லக்.

"அங்கெல்லாம் எதுக்கெடுத்தாலும் பாட்லக்தான் மேடம். ஆளுக்கு ஒரு ஐட்டம் செஞ்சு கொண்டு வந்துடுவாங்க. டேபிள்ல வரிசையா வெச்சுடுவாங்க. எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துச் சாப்பிடுவாங்க. கேட்டரிங் கிடையாது, பந்தி கிடையாது, சண்டை கிடையாது."

கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு முக்கியம். பொங்கல் விழாவுக்கு கேட்டரிங் சொல்லி, வடை பத்தாமல் போய், பி பிளாக்கும் டி பிளாக்கும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"நீங்க எழுத்தாளர். அந்த வார்த்தைக்கு அர்த்தம், பூர்வீகம் எல்லாம் நாலு வரி எழுதி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. ஜனங்களுக்கு ஒரு மரியாதை வரும்" என்றார்.

என்னை எழுத்தாளர் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாழுங்கிணற்றைக் காட்டினாலும் குதித்துவிடுவேன். உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

பாட்லக் என்பது முதலில் அமெரிக்காவில் பிறந்ததே இல்லையாம். பழைய இங்கிலாந்து. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விருந்தாளி வந்து நிற்கிறார். அவருக்காகத் தனியாக உலை வைக்க முடியாது. பானையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு. நல்ல கறியாக இருந்தால் அவர் அதிர்ஷ்டம், அடிப்பிடித்த கூழாக இருந்தால் அவர் தலையெழுத்து. பானை அதிர்ஷ்டம் — அவ்வளவுதான் அர்த்தம். நம் வீட்டில், 'ஏதோ இருக்கிறதைச் சாப்பிடுங்க' என்று சொல்வோமே, அதேதான். (நாம் அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பளம் பொரிப்போம். வெள்ளைக்காரன் பொரிக்க மாட்டான்.)

கடல் தாண்டி அமெரிக்கா போன பிறகு வார்த்தை மெல்லக் குணம் மாறியது. ஒரு பானை, ஒரு விருந்தாளி என்பது போய், ஆளுக்கொரு பானை என்று ஆனது. சர்ச் ஹாலில், ஆபீஸில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் — கூடுகிற இடத்தில் எல்லாம் பாட்லக்.

இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்துப் பூர்வகுடிகளிடம் 'பாட்லாட்ச்' என்று ஒரு விருந்து. கூப்பிட்டவர் வந்தவர்களுக்கு வாரி வாரிக் கொடுப்பார். அதிலிருந்துதான் பாட்லக் வந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சத்தம் ஒன்றுபோல இருக்கிறதே தவிர சம்பந்தம் இல்லை என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள். கோதண்டத்துக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது. "இதையே போட்டுடுங்களேன் மேடம், கிராண்டா இருக்கு" என்றார். சம்பந்தம் இல்லையாம் சார் என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். செயலாளர் ஆகிறவர்களுக்கு இது ஒரு தகுதி.

நான் குரூப்பில் போட்டதும் சண்டை பிடித்துக்கொண்டது. "இது நம்ம கூட்டாஞ்சோறு, அமெரிக்காக்காரன் நம்மகிட்ட இருந்து எடுத்தது" என்று ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் ஆரம்பிக்க, நாற்பது மெசேஜ். எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. கூட்டாஞ்சோற்றில் எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் போய்விடும். யார் வீட்டு அரிசி யார் வாயில் போனது என்று எவனுக்கும் தெரியாது. பாட்லக்கில் பானை தனித்தனி. யாருடையது என்று தெரியும். தெரிந்த பிறகுதான் கை நீளும்.

இதை நான் குரூப்பில் போடவில்லை. எதற்கு வம்பு.

இதையெல்லாம் டைனிங் டேபிளில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, செல்வி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். செல்விதான் எங்கள் பிளாக்குக்கு ஹவுஸ்கீப்பிங். தையூர் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். காலையில் காரிடார், படிக்கட்டு, லிஃப்ட். அதை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு.

"இன்னாக்கா, சிரிச்சிகினே எழுதறீங்க?" என்றாள்.

சொன்னேன். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? இங்கிலாந்தில் ஆரம்பித்து நியூ ஜெர்சி வரை வந்தேன். "யார் வேணா வரலாம் செல்வி. ஒரு பாத்திரத்துல ஏதாவது செஞ்சு கொண்டு வரணும், அவ்ளோதான். பெரியவன் சின்னவன் கிடையாது. அதான் பாட்லக்" என்று முடித்தேன். அப்படியே ஒரு சொற்பொழிவு.

அவள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "அப்போ நானும் ஒண்ணு செஞ்சுகினு வரட்டாக்கா?"

"தாராளமா" என்றேன். வாய்க்கு என்ன வாடகையா?

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அடுத்த நிமிஷமே புரிந்தது. "இந்த மாப்பு புடிச்சிப் புடிச்சி தோள்பட்டை போச்சுக்கா. தூக்கவே முடியல. டாக்டரு இந்த வேலைய வுட்டுடுன்றாரு. வுட்டுட்டு இன்னா பண்றது? சோறு கட்டிக் குடுக்கலாம்னு கீறேன். இங்க பாதி வூட்ல ரெண்டு பேரும் ஆபீஸ் போறாங்க. எங்க ஊட்டுக்காரருகிட்ட வண்டி கீது, கொண்ணாந்து குடுத்துடுவாரு. ஆனா நான் போயி சோறு வேணுமான்னு கேட்டா யாரு வாங்குவா? நாலு பேரு வாயில வெச்சுப் பாத்து, நல்லா கீதுன்னு சொல்லணும். அப்புறம் கேக்கலாம்."

நல்ல யோசனைதான் என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனை.

ஞாயிறு மதியம். கிளப் ஹவுஸில் மேஜைகள் போட்டாயிற்று. சுத்த சைவம் என்று ஏற்கெனவே முடிவு. கோதண்டம் இன்னொரு விதியும் போட்டிருந்தார் — ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் பிளாட் நம்பர் எழுதி ஒட்ட வேண்டும். போன வருஷம் மாமல்லபுரத்துக்கு டூர் போனபோது யாருடைய டிபன் கேரியரோ யார் வீட்டுக்கோ போய்விட்டது. அந்த டூரில் இன்னொன்றும் நடந்தது. எல்லாரும் பகிர்ந்து சாப்பிடலாம் என்றுதான் போனோம். போய் இறங்கியதும் அவரவர் கட்டுச்சோற்றை அவரவர் பிரித்து, அடுத்தவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

இந்த முறை மேஜையில் என்னென்ன வந்தது தெரியுமா? எலுமிச்சை சாதம் ஏழு. தயிர் சாதம் ஐந்து. புளியோதரை மூன்று. டி பிளாக் கிரிஜா மேடம் மட்டும் ஒரு அண்டா இட்லி கொண்டு வந்திருந்தார். தொட்டுக்கொள்ள? ஒன்றும் இல்லை. எல்லாரும், 'சைடு டிஷ் யாராவது கொண்டு வருவாங்க' என்று நினைத்திருக்கிறார்கள். எலுமிச்சை சாதத்தில் ஒரு சௌகரியம், யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததைத்தான் ஊர் கூடுகிற இடத்துக்கு எல்லாரும் எடுத்து வருகிறோம்.

நான் என்ன கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். கடை மிக்சர். வெள்ளிக் கிண்ணத்தில் கொட்டியிருந்தேன்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவில் செல்வி வந்து நின்றாள். யூனிஃபார்மில். அன்றைக்கும் அவளுக்கு டியூட்டி. கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு, மேலே துண்டு கட்டியிருந்தது.

"அக்கா, பிதுக்கம் பருப்புக் கொழம்பு. நீங்கதானே யாரு வேணா கொண்டாரலாம்னீங்க?"

நான்தான். வேறு யார்?

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளை உள்ளே கூட்டிப்போய், 'இது செல்வி செஞ்சது' என்று வைத்திருக்க வேண்டும். ஆனால் என் மூளை கணக்குப் போட்டது. கோதண்டம் கேட்பார். ஸ்டாஃப் எப்படி என்பார். யாரும் கை வைக்க மாட்டார்கள். தூக்கு அப்படியே திரும்பிப் போகும், அவளுக்கு அதைவிட அவமானம் என்ன? அதனால் அவளுடைய நன்மைக்காகத்தான் — கவனியுங்கள், அவளுடைய நன்மைக்காகத்தான் — சி-304 என்று என் நம்பரை எழுதி அந்தத் தூக்கின் மேல் ஒட்டினேன்.

"சும்மா, ரூல்ஸுக்காக. எல்லாரும் சாப்பிடட்டும், அப்புறம் நானே சொல்றேன்" என்றேன்.

செல்வி அந்தச் சீட்டைப் பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூடியைத் திறந்ததும் வாசனை மேஜையைச் சுற்றி வந்தது. நம் ஜனங்கள் எப்படிப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று அன்று பார்த்தேன். முதலில் குனிந்து நம்பரைப் படிக்கிறார்கள். யார் வீடு என்று யோசிக்கிறார்கள். அப்புறம்தான் கரண்டி. சி-304 என்றதும் சிலர் தயங்கினார்கள். என் ரசத்தைப் பற்றிப் படித்தவர்களாக இருக்கும். ஆனால் எத்தனை நேரம்தான் வெறும் எலுமிச்சை சாதத்தை விழுங்குவது? ஒருவர் ஊற்றிக்கொண்டார். திரும்பி வந்து இன்னொரு முறை ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். கிரிஜா மேடம் தன் இட்லியைத் தானே எட்டு எடுத்துக்கொண்டு, மூன்று முறை குழம்புக்கு வந்தார்.

"உங்க வீட்ல செஞ்சதா சார் இது?" என்று என் கணவரைக் கேட்டார்கள்.

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார் அந்த நல்ல மனுஷன்.

என்னிடம் வந்து கை குலுக்கினார்கள். சமையலில் இவ்வளவு கெட்டிக்காரியா நீங்க, வெளியில சொல்லவே இல்லையே என்றார்கள். வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் — வெட்கத்தைவிடச் சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது. முப்பது வருஷமாகச் சமைக்கிறேன், ஒருத்தர் இன்னொரு கரண்டி கேட்டதில்லை.

நடுவில் செல்வி கறுப்புப் பையோடு வந்து எச்சில் தட்டுகளை எடுத்தாள். 'சி-304 கொழம்பு இன்னும் இருக்கா' என்று அவள் காது படவே ஒருவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன். போனில் ஒன்றும் இல்லை.

சொல்லலாம், சொல்லலாம் என்று இருக்கும்போதே கோதண்டம் மைக்கைப் பிடித்துவிட்டார். சீட்டு எழுதிப் போட்டு ஓட்டெடுப்பு வேறு நடத்தியிருக்கிறார் மனுஷன். "பெஸ்ட் டிஷ் பரிசு... சி-304" என்றார். கைதட்டல். பரிசு ஒரு ஹாட்பேக்.

போனேன். கால் தானாகப் போனது. வாங்கினேன்.

"மேடம், எல்லாரும் ரெசிபி கேக்கறாங்க. அந்தப் பருப்பு அவ்ளோ பதமா, ஒண்ணுகூட உடையாம, தோலே இல்லாம இருக்கே, எப்படி?" என்று கேட்டு மைக்கை என் வாயருகே நீட்டினார்.

எனக்கு எப்படித் தெரியும்? பிதுக்கம் பருப்பு என்றால் மொச்சை என்பதே அன்றுதான் தெரியும். ஆனால் மைக் முன்னால் நின்று தெரியாது என்று சொன்ன எழுத்தாளர் யாராவது உண்டா?

"அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்றேன். "மொச்சையைக் குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டா, தோல் தானா கழண்டு வந்துடும்."

"வராதுக்கா."

ஹாலின் பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். செல்வி கறுப்புப் பையைக் கீழே வைத்திருந்தாள்.

"குக்கர்ல வெச்சா கூழாப் பூடும். பச்சை மொச்சைய ராத்திரியே தண்ணில ஊறப் போடணும். காலைல ஒண்ணொண்ணா எடுத்து, ரெண்டு வெரல்ல வெச்சுப் பிதுக்கணும். மூணு படி. நானும் எங்க நாத்தனாரும் அஞ்சு மணிக்கு உக்காந்து பிதுக்கினோம். வெரலு இன்னும் வலிக்குது. நாலு விசிலாம்."

அவள் சத்தம் போடவில்லை. கோபம்கூட இல்லை. அவ்வளவு வேலை செய்த பொருளைப் பற்றி ஒருத்தி தப்பாகச் சொல்வதை அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "செல்வி செஞ்சது. நான் என் நம்பரை ஒட்டினேன்" என்றேன்.

எனக்கு அப்போது பெரிய ஆறுதல் ஒன்றே ஒன்றுதான் — குழம்பு தீர்ந்துவிட்டிருந்தது. தட்டில் இருந்தால் தள்ளி வைக்கலாம். வயிற்றுக்குப் போனதை என்ன செய்வது? கிரிஜா மேடம் டிஷ்யூவை எடுத்தார். வாயைத் துடைத்தாரா, மூடிக்கொண்டாரா என்று சொல்ல முடியவில்லை. கோதண்டம் ஹாட்பேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். "ரூல்ஸ்ல இதுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நியூ ஜெர்சியில் இப்படி ஒன்று நடந்திருக்காது.

பி பிளாக் பிரியா எழுந்தாள். ஐ.டி.யில் வேலை, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. நேராகச் செல்வியிடம் போனாள்.

"அக்கா, நாளைக்கு மதியம் எங்களுக்குச் செஞ்சு தர முடியுமா? இது இல்லன்னாலும் பரவால்ல. ஏதாவது சாம்பார், ரசம். ரெண்டு பேருக்கு."

"தரேம்மா" என்றாள் செல்வி. "காரம் எவ்ளோ போடணும்?"

நான் ஹாட்பேக்கை அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "ரெண்டு பேருக்குப் போதும்" என்று வைத்துக்கொண்டாள்.

இன்றைய நிலவரம்: ஆறு வீட்டுக்குச் சாப்பாடு போகிறது. இன்னும் நாலு வீடு சேர்ந்தால் மாப்பை விட்டுவிடுவேன் என்கிறாள். கிரிஜா மேடத்துக்கு அன்று சாயங்காலம் திடீரென்று அசிடிட்டி வந்ததாகக் குரூப்பில் செய்தி. செய்தது யார் என்று தெரிகிறவரை வராத அசிடிட்டி. ஆனால் அந்த ஆறில் ஒரு டப்பா அவர் வீட்டுக்கும் போகிறது. பையனுக்காம். இனிமேல் பாட்லக் வேண்டாம், கேட்டரிங்கே நல்லது என்று கோதண்டம் சர்க்குலர் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை செல்வி வந்ததும், "மன்னிச்சுக்கோ" என்றேன்.

"பேர ஒட்டிகினீங்க, சரி, அத்த வுடுங்க" என்றாள். "அந்த நாலு விசிலுதாங்கா தாங்க முடியல."

படிக்கிற உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் ஏதோ மனசாட்சி உறுத்தி, மைக்கில் உண்மையைச் சொன்னவள் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னது நானில்லை, அவள்தான். அவள் மட்டும் அன்று வாயை மூடிக்கொண்டு எச்சில் தட்டை எடுத்துக்கொண்டிருந்தால், இந்த வாரம் இந்த இடத்தில் நீங்கள் படித்திருப்பது என்னுடைய பிதுக்கம் பருப்புக் குழம்பு செய்முறையைத்தான்.